ஐந்தாவது இராஜினாமா

கிருபானந்தன் இதுவரை நான்கு முறை இராஜினாமா செய்திருந்தார். நான்கும் வெற்றிகரமாக முடிந்தவை. அதாவது, ஒன்றைக்கூட யாரும் ஏற்றுக்கொள்ளவில்லை.

மொன்றியல் கிழக்கிலங்கை மக்கள் ஒன்றியத்தின் தலைவர் பதவி பெரிய பதவிதானா என்பதை அந்தக் கதிரையில் இருப்பவரிடம்தான் கேட்கவேண்டும். வெளியே நின்று பார்த்தால், லாசாலில் ஒரு தேவாலயத்தின் கீழ்த்தள மண்டபம், வருடத்துக்கு மூன்று விழா, சொந்தமாக ஒரு குத்துவிளக்கு, நினைத்த நேரத்தில் இரையும் ஒரு மைக், அவ்வளவுதான். ஆனால் அந்த விளக்கின் முதல் திரியை ஏற்றும்போது படம் பிடிப்பார்கள். அந்தப் படம் மட்டக்களப்பு வரை போகும்.

முதல் இராஜினாமா, சரஸ்வதி பூசைப் பதாகையில் மண்டபத்தின் முகவரியை விடத் தன் பெயர் சின்ன எழுத்தில் வந்ததற்காக. இரண்டாவது, அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே யாரோ சாப்பாட்டு வரிசையைத் திறந்துவிட்டதற்காக. மற்ற இரண்டுக்கும் காரணம் இப்போது அவருக்கே நினைவில்லை. ஆனால் முறை மட்டும் மாறியதில்லை. கூட்டத்தில் எழும்பி, "இனி எனக்கு ஏலா. வேற ஆளைப் பாருங்க" என்று சொல்லிவிட்டுக் காருக்குள் போய் இருந்துகொள்வார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, மொன்றியல் நோர் பகுதியில் உள்ள அவருடைய வீட்டுக்கு ஒரு தூதுக்குழு வரும். செயலாளர் சீனித்தம்பி முன்னால், மற்றவர்கள் பின்னால். தேநீர் வரும். வதனி பொரித்த மீன் கட்லெட் வரும். "நீங்க இல்லாட்டி ஒன்றியம் என்ன ஆகும், தலைவர்?" என்று சீனித்தம்பி குரல் தழுதழுக்கக் கேட்பார். கிருபானந்தன் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பார். தட்டு பாதி காலியானதும் மக்களின் அன்புக்குக் கட்டுப்படுவார்.

இதையெல்லாம் யாரும் ஏமாற்று என்று நினைத்ததில்லை. கல்யாண வீட்டில் சாப்பிடச் சொன்னால் முதலில் வேண்டாம் என்று சொல்கிறோமே, அந்த மாதிரி ஒரு மரியாதை. வதனி மட்டும் இராஜினாமாக்களை மீன் டின் கணக்கில் நினைவு வைத்திருந்தாள்.

அயோவா வந்தது இந்த நிலையில்தான்.

கிருபானந்தன் லாசாலில் ஒரு யோகட் தொழிற்சாலையில், கோப்பைகளில் யோகட் நிரப்பும் பிரிவுக்கு சுப்பர்வைசர். அங்கே அதற்கு மேல் அவருக்குப் படி இல்லை. மேலே உள்ள நாற்காலிகளுக்குப் பிரெஞ்சு வேண்டும். அவருடைய பிரெஞ்சோ 'பொன்ஜூ'வில் தொடங்கி 'மெர்சி'யில் முடிந்துவிடும். நடுவில் உள்ளதைக் கைதான் பேசும். அந்தக் குளிர்காலத்தில் கொம்பனி அவரைக் கூப்பிட்டு, அயோவாவில் பிரேரிஃபோர்ட் என்ற சின்ன நகரத்தில் உள்ள தங்கள் ஆலைக்கு உற்பத்தி மனேஜராகப் போக விருப்பமா என்று கேட்டது. விசாவைக் கொம்பனி பார்த்துக்கொள்ளும். மார்ச் முடிவதற்குள் பதில் வேண்டும்.

"அமெரிக்கா கூப்பிடுது" என்றார் வீட்டுக்கு வந்து, சப்பாத்தைக் கழற்றாமலே.

மகள் தக்ஷினி தொலைபேசியில் தேடிப் பார்த்தாள். கல்லூரிக்குப் போகிறவள், பிரெஞ்சில் சிந்தித்து, ஆங்கிலத்தில் சிரித்து, தகப்பனோடு மட்டும் தமிழில் சண்டை பிடிப்பவள். "அமெரிக்கா இல்ல அப்பா. அயோவா."

"அயோவாவும் அமெரிக்காதான்."

"அங்க மனுசரை விடப் பண்டிதான் கூடவாம்" என்று ஒரு பன்றிப் பண்ணையின் படத்தைக் காட்டினாள். "நான் வரமாட்டன். படிப்பு முடியும் வரைக்கும் சிநேகிதியோட அறை எடுத்து இருப்பன்."

வதனி சப்பாத்தின் கீழே உருகிப் பரவிய பனித்தண்ணீரைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்: "நீங்க போக விரும்புறீங்களா?"

"யோசிக்கோணும்" என்றார் கிருபானந்தன். மனேஜர் மாதிரியே சொன்னார்.

வதனிக்கும் யோசிக்க இருந்தது. வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி உள்ள கார்டெரியில், அந்தப் பிள்ளைகள் காப்பகத்தில், போன இளவேனிலில்தான் அவளை நிரந்தரமாக்கியிருந்தார்கள். அதற்காக அவள் வருடக்கணக்காக மாலை வகுப்புக்குப் போய், வினைச்சொற்களோடு மல்லுக்கட்டி, பரீட்சையில் இரண்டு தரம் விழுந்து எழும்பியவள். இப்போது ஹெயிட்டிப் பிள்ளைகளும் அல்ஜீரியப் பிள்ளைகளும் சேலைத்தலைப்புக்குப் பதிலாக அவளுடைய காற்சட்டையைப் பிடித்துக்கொண்டு "வதனீ" என்று இழுத்துக் கூப்பிடுகின்றன. மொன்றியலில் அவளை 'திருமதி தலைவர்' என்று கூப்பிடாத ஒரே இடம் அது. ஆனால் இதைப் பற்றிக் கிருபானந்தன் கேட்கவில்லை. கேட்காததற்குப் பதில் சொல்லும் வழக்கம் அவளிடம் இல்லை.

பெப்ரவரியில் கொம்பனி அவரை இடம் பார்க்கக் கூட்டிப்போனது. பிரேரிஃபோர்ட்டில் வானம்தான் பெரிது. ஒரு கடைத்தெரு, உறைந்த ஓர் ஆறு, ஊருக்குக் கோயில் கோபுரம் மாதிரி நிற்கும் சோளக் களஞ்சியங்கள். அங்கே பார்க்கிற எல்லோரும் வணக்கம் சொன்னார்கள். ஆலை இயக்குநர் நல்ல மனுசன். கிருபானந்தன் என்ற பெயரை இரண்டு தரம் முயன்று பார்த்துவிட்டு, மூன்றாம் தரம் 'கிர்பி' என்று ஆக்கிக்கொண்டார். அரை மணித்தியாலத்துக்குள் ஆலை முழுவதும் கிர்பி. பதாகையில் எழுத்து சிறுத்ததற்கு இராஜினாமா செய்த மனிதரின் பெயர் முக்கால்வாசி வெட்டுப்பட்டுப் போனது. அவர் சிரித்துக்கொண்டு கை கொடுத்தார்.

விசித்திரம் என்னவென்றால், அவருக்குக் கோபம் வரவில்லை. ஹோட்டல் அறையில் சப்பாத்தைக் கழற்றும்போது, ஏதோ ஒரு சுமை தோளில் இல்லாதது தெரிந்தது. இந்த ஊரில் யாரும் அவரை வரவேற்புரைக்குக் கூப்பிட மாட்டார்கள். யாரோடும் அவருக்குக் கோபமில்லை. யாரை முதலில் மேடைக்கு அழைப்பது என்று யாரும் கேட்கப்போவதில்லை. நன்றாக நித்திரை வந்தது. காலையில் அந்த நிம்மதியை நினைத்தபோதுதான் அவருக்குப் பயம் வந்தது. உடனே சீனித்தம்பிக்குத் தொலைபேசி எடுத்து, "அண்ணன், அமெரிக்காவில நிக்கிறன். ஒரு முக்கியமான விசயம். ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதீங்க" என்றார்.

ஒருத்தருக்கும் சொல்ல வேண்டாம் என்று சீனித்தம்பியிடம் சொல்வதற்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும். கிருபானந்தன் விமானம் ஏறுமுன்னே ஒன்றியத்தின் வட்ஸ்அப்பில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

மார்ச் முதல் வாரம் செயற்குழு கூடியது. போவதா, விடுவதா என்று கிருபானந்தனால் முடிவெடுக்க முடியவில்லை. போனால் மனேஜர், முற்றம் வைத்த வீடு, தோளில் அந்த விசித்திரமான இலேசு. இருந்தால் தக்ஷினி, ஒன்றியம், கடைசிவரை சுப்பர்வைசர். அதனால் முடிவை மக்களிடமே விட்டுவிட்டார். அவர்கள் மறித்தால் இருப்பது. மறிப்பார்கள்; எப்போதும் மறித்தவர்கள்தானே. எழும்பினார். "அமெரிக்காவில இருந்து ஓர் அழைப்பு வந்திரிக்கு. குடும்பத்தோட போகவேண்டி வரும்போலத் தெரியுது. இனி நீங்க வேற ஆளைப் பாருங்க" என்று சொல்லிவிட்டு, கடைசிச் சொல்லில் கொஞ்சம் குரலை உடைத்துவிட்டு, போய்க் காரில் இருந்தார்.

"ஞாயிற்றுக்கிழமை வருவாங்க" என்றார் வீட்டில்.

வதனி அவரை ஒரு நிமிடம் பார்த்தாள். "எத்தனை பேருக்குப் போட?"

"இந்த முறை பெரிய விசயம். கூடப் போடு."

ஞாயிறு பின்னேரம் கட்லெட் மலையாகக் குவிந்திருந்தது. கிருபானந்தன் சவரம் செய்து, யன்னல் பக்கக் கதிரையில் இருந்து, தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பனி அள்ளும் வண்டி ஒரு தரம் போனது. எதிர் வீட்டு ஹெயிட்டிக்காரர் உப்புத் தூவினார். தேநீர் ஆறியது. ஐந்து மணிபோலத் தொலைபேசி 'டிங்' என்றது.

வட்ஸ்அப்பில் ஒரு சுவரொட்டி. நடுவில் அவருடைய படம், எந்த விழாவிலும் இல்லாத அளவுக்குப் பெரிது. தலைக்கு மேலே ஒரு விமானம். கீழே 'பிரியாவிடையும் பாராட்டு விழாவும்.' மண்டபத்தின் முகவரி கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் இருந்தது.

"பேர் பெரிசாப் போட்டிருக்காங்க" என்றாள் வதனி, எட்டிப் பார்த்து. பிறகு கட்லெட்டுகளைக் கட்டிக் குளிர்பெட்டியில் வைத்தாள். தக்ஷினி இரண்டு வாரத்துக்குக் கல்லூரிக்கு அதையே கொண்டு போனாள்.

விழா மாதக் கடைசி ஞாயிறு, மதியச் சாப்பாட்டோடு. கொம்பனிக்குப் பதில் சொல்ல வேண்டியது அடுத்த நாள். மேடையில் கிருபானந்தனையும் வதனியையும் சோடியாக இருத்தி, மாலை போட்டு, பொன்னாடை போர்த்தினார்கள். ஒவ்வொருவராகப் பேசினார்கள். எல்லோரும் நல்லதுதான் சொன்னார்கள், ஆனால் இறந்தகாலத்தில். 'அவர் ஒரு சிறந்த தலைவராக விளங்கினார்.' 'கோபக்காரராக இருந்தாலும் நல்ல மனுசனாக இருந்தார்.' மாலையோடு அசையாமல் இருந்து கேட்டுக்கொண்டிருந்த கிருபானந்தனுக்கு, ஓரிடத்தில், தான் மூச்சு விடுகிறோமா என்று பார்க்கத் தோன்றியது.

கடைசியாகச் சீனித்தம்பி வந்தார். கண் உண்மையாகவே கலங்கியிருந்தது. ஒன்பது வருடம் செயலாளராக இருந்து, விளக்கின் இரண்டாம் திரியை மட்டுமே ஏற்றி வந்த மனிதர். "தம்பி கிருபானந்தன்" என்று தொடங்கினார்.

தலைவர் இல்லை. தம்பி.

"தம்பியை மறிக்கலாமா எண்டு நாங்க யோசிச்சம். ஆனா ஒரு மனுசனுடைய வளர்ச்சிக்கு நாங்க தடையா நிக்கலாமா? கூடாது!" சபை கை தட்டியது. "தற்காலிகமா இந்தப் பாரத்தை என்னைச் சுமக்கச் சொல்லிக் கேட்டிருக்காங்க. மக்களின் அன்புக்குக் கட்டுப்படுறன்."

பிறகு நினைவுப் பரிசு. கடும் ஊதா நிறத்தில், ஓர் ஆள் படுக்கக்கூடிய அளவில், சில்லு வைத்த சூட்கேஸ். அதைத் தள்ளிக்கொண்டு மேடையிலிருந்து இறங்கும்போது கிருபானந்தனுக்குப் படம் பிடித்தார்கள். அந்தப் படமும் மட்டக்களப்புக்குப் போயிருக்கும்.

வீடு திரும்பும்போது மெட்ரோபொலித்தான் பெருந்தெருவில் வழக்கம்போல் நெரிசல். கார்கள் அங்குலம் அங்குலமாக நகர்ந்தன. பின்னிருக்கையில் தக்ஷினி இருக்கவேண்டிய இடத்தில் சூட்கேஸ் இருந்தது. அவள் மண்டபத்திலிருந்து மெத்ரோ ரயிலில் போய்விட்டாள்.

பிறகு வதனி, முன்னால் நின்ற லொறியைப் பார்த்தபடி கேட்டாள்: "நீங்க போக விரும்புறீங்களா?"

அதே கேள்வி. யோசிக்கோணும் என்று சொல்ல வாய் திறந்தவர் சொல்லவில்லை. பொன்னாடை கழுத்தில் உறுத்தியது.

"இல்ல."

"மறுகா என்னத்துக்கு இவ்வளவும்?"

"போகாதீங்க எண்டு சொல்லுவாங்க எண்டு நினைச்சன்."

லொறி கொஞ்சம் நகர்ந்தது. அவரும் நகர்ந்தார்.

"என்னட்டக் கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பன்" என்றாள் வதனி.

"நீ சொல்லவேயில்லையே, புள்ள."

"நீங்க என்னட்டக் கேக்கல்ல. அறிவிச்சீங்க. அவங்களுக்கும் அறிவிச்சீங்க, எனக்கும் அறிவிச்சீங்க. அவங்க கை தட்டினாங்க. நான் கட்லெட் பொரிச்சன்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவருக்குச் சுட்டது. ஒரு கோபம் என்றால் பதிலுக்குக் கோபப்பட்டுக் காரை விட்டு இறங்கலாம். ஆனால் ஏற்கெனவே காருக்குள்தான் இருந்தார். இராஜினாமா செய்துவிட்டுப் போய் இருப்பதற்கு வேறு இடமில்லை.

"உனக்குப் போக விருப்பமில்லையா?"

முதல் தடவையாகக் கேட்கப்பட்ட கேள்வி என்பதால் வதனி அதை மரியாதையோடு யோசித்தாள். "உங்களுக்கு உண்மையிலேயே அந்த இடம் பிடிச்சிருந்தா வந்திருப்பன். அங்கயும் புள்ளைகள் அழும்தானே. அழுற புள்ளையைத் தூக்குறதுக்கு எந்தப் பாசை எண்டாலும் போதும். முதல்ல இருந்து தொடங்கியிருப்பன்." பொன்னாடையின் ஓரத்தைத் தொட்டாள். "ஆனா இந்தத் துணிக்காகப் போறதெண்டா நான் வரமாட்டன்."

"போர்த்திப் போட்டாங்களே, வதனி. இனி எந்த முகத்தோட இங்க இரிக்கிற?"

"அதுக்காக அயோவாவுக்குப் போய் இருந்து என்ன செய்யப்போறீங்க? பொன்னாடையைப் பண்டிக்குக் காட்டப்போறீங்களா?"

கிருபானந்தனுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் வேறு ஏதோவாக மாறியதை மறைக்க, கண்ணாடியைத் துடைக்கும் தடியைப் போட்டார். மழை இல்லை. காய்ந்த கண்ணாடியில் அது கிறீச்சிட்டது. வதனி கையை நீட்டி அதை நிறுத்தினாள்.

"அங்க ஒண்டு மட்டும் நல்லா இருந்துது" என்றார் சிறிது தூரம் போனபின். "ஒருத்தருக்கும் நான் ஆரெண்டு தெரியா. அது எப்பிடி நல்லா இருந்தது எண்டு எனக்கு இப்பவும் விளங்கல்ல."

"எனக்கு விளங்குது" என்றாள் வதனி. "நான் ஒவ்வொரு நாளும் அப்பிடி ஒரு இடத்துக்குத்தானே வேலைக்குப் போறன்."

திங்கட்கிழமை அவர் கொம்பனியில், அயோவாவுக்குப் போக விருப்பமில்லை என்று சொன்னார். காரணங்களை இரவு முழுவதும் யோசித்து ஒழுங்குபடுத்தி வைத்திருந்தார். மேலதிகாரி முதல் காரணத்திலேயே "தக்கோர்" என்று பிரெஞ்சில் 'சரி' சொல்லித் தலையாட்டிவிட்டு, பிரிவில் இருந்த ஓர் இளைஞனைக் கூப்பிட்டு அனுப்பினார். ஓர் ஊரையே உலுக்கிய விசயம், ஒரு கோப்பிக் குவளை ஆறுவதற்குள் முடிந்தது. அயோவா தனக்குக் கிடைத்த சந்தோசத்தில் அந்த இளைஞன் அவரைக் கட்டிப்பிடித்தபோது, உள்ளுக்குள் ஏதோ ஒன்று கழன்று விழுந்தது உண்மைதான். மனேஜர் என்ற சொல் இனித் தன் பெயருக்குப் பின்னால் வராது. அவர் போய்த் தன் இயந்திரத்தடியில் நின்றார். கோப்பைகள் நிரம்பி நிரம்பிப் போய்க்கொண்டிருந்தன.

ஊருக்கு எப்படிச் சொல்வது? தமிழ்க்கடைக்குப் போவதை நிறுத்தினார். ஒரு நாள் தெருமுனைத் தெப்பனர் கடையில் பால் வாங்கும்போது தெரிந்தவர் ஒருவர் பிடித்துக்கொண்டு, "என்ன, இன்னும் போகல்லையா?" என்றார். "விசா கொஞ்சம் தாமதம்" என்று வாய் தானாகச் சொன்னது. வீட்டுக்கு வந்து வதனியிடம் சொன்னபோது, "எவ்வளவு காலத்துக்குத் தாமதம்? சாகும் வரைக்குமா?" என்றாள்.

சித்திரைப் புத்தாண்டு விழாவுக்கு முதல் நாள் கிருபானந்தன் மூன்று மீன் டின் வாங்கிவந்து சமையலறையில் வைத்தார். வதனி எழும்பினாள். "நீ இரு" என்றார். "நான் உருட்டுறன்."

அவர் உருட்டிய கட்லெட்டுகள் ஒன்றுக்கொன்று சொந்தமில்லாத அளவுகளில் இருந்தன. சில பொரியும்போது பிளந்தன. எல்லாவற்றையும் தட்டுகளில் அடுக்கி, ஊதா நிற சூட்கேசுக்குள் வைத்து, மண்டபத்து வாசலில் உருகிக் கிடந்த பனிச்சேற்றுக்குள்ளால் தள்ளிக்கொண்டு போனார்.

சூட்கேசோடு அவர் நுழைவதைக் கண்டதும் மேடையில் விளக்கடியில் நின்ற சீனித்தம்பியின் முகம் விழுந்தது. கையில் எரிந்துகொண்டிருந்த மெழுகுதிரியை இன்னும் இறுக்கிப் பிடித்தார். கிருபானந்தன் தூரத்திலிருந்தே கும்பிட்டுவிட்டு, மேடைப் பக்கம் போகாமல், கடைசி வரிசையில் போய் இருந்தார். துறைமுகத்தில் கொள்கலன் லொறி ஓட்டும் ஜோன்சன் இடம் விட்டு நகர்ந்தான்.

"வாங்க அண்ணன். எப்ப பயணம்?"

"போகல்ல."

"விசாவா?"

"விசா இல்ல. போக விருப்பமில்ல. முந்தியும் விருப்பமில்ல. நீங்க எல்லாரும் மறிப்பீங்க எண்டு நினைச்சுச் சொன்னது."

ஜோன்சன் அவரை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்தான். பிறகு, "அட, சொல்லியிருந்தா மறிச்சிருப்பமே" என்றான். பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவ்வளவுதான். வானம் இடிந்து விழவில்லை. கட்லெட்டைத் திறந்தார்கள்.

மேடையில் சீனித்தம்பி தலைமையுரையைத் தொடங்கியிருந்தார். வாய் அசைந்தது, கை உயர்ந்தது. கடைசி வரிசைக்கு ஓர் இரைச்சல் மட்டும் வந்தது.

"ஒண்டும் கேக்குதில்லையே" என்றார் கிருபானந்தன்.

"இங்க எப்பவும் கேக்காது அண்ணன்" என்றான் ஜோன்சன், வாய் நிறைய. "அதுக்குத்தானே இங்க இரிக்கிறம்."

ஒன்பது வருடப் பேச்சுகளும் கிருபானந்தனின் மனதில் ஒரு சுற்று வந்து போயின. ஒருமைப்பாடு பற்றிய பேச்சு, பண்பாடு பற்றிய பேச்சு, சாப்பாட்டு வரிசையைத் திறந்ததால் பாதியில் நின்று, அதற்காக இராஜினாமாவே செய்த பேச்சு. இங்கே ஒன்றும் வந்து சேர்ந்திருக்கவில்லை. இங்கே இருந்தவர்கள் சந்தோசமாகத்தான் இருந்திருக்கிறார்கள். பிரேரிஃபோர்ட் ஹோட்டலில் தோளை விட்டிறங்கிய சுமை, இப்போதும் இறங்கியது. அதற்கு அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கவில்லை. இருபது கதிரை பின்னால் வந்திருந்தால் போதும்.

"இது வதனி அக்கா போட்டது இல்லைபோல" என்றான் ஜோன்சன், இரண்டாவதை எடுத்துக்கொண்டே.

சாப்பாட்டு நேரத்தில் சீனித்தம்பி பின்வரிசைக்கு வந்தார். முகம் சிவந்திருந்தது. தலைமையுரை முடியுமுன்னே யாரோ சாப்பாட்டு வரிசையைத் திறந்துவிட்டார்களாம்.

"தம்பி, இந்தச் சனத்தோட ஏலா" என்றார். "நான் விடப்போறன். வேற ஆளைப் பாக்கட்டும்."

சொல்லிவிட்டு அவர் கிருபானந்தனைப் பார்க்கவில்லை. மண்டபத்துச் சுவரில் இருந்த சின்ன யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். கீழ்த்தள யன்னல், அதில் தெரிவது நடக்கிறவர்களின் சப்பாத்து மட்டும்தான். ஆனாலும் பார்த்தார்.

அந்தப் பார்வை கிருபானந்தனுக்கு நன்றாகத் தெரியும். இப்போது ஒரு சொல் போதும். 'உங்களுடைய ஓய்வுக்கு நாங்கள் தடையாக நிற்கலாமா, அண்ணன்' என்று கேட்டால், அடுத்த மாதம் பொன்னாடை, அதற்கடுத்த மாதம் விளக்கு மீண்டும் தன் கையில். நாக்கு நுனி வரை வந்தது. தேநீர் மேசையடியில் நின்ற வதனி, தட்டைத் துடைத்தபடி இங்கே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிருபானந்தன் எழும்பி, தட்டை நீட்டினார். "என்ன கதை அண்ணன் இது? நீங்க இல்லாட்டி ஒன்றியம் என்ன ஆகும்? முதல்ல ஒரு கட்லெட் எடுங்க."

சீனித்தம்பி யன்னலிலிருந்து கண்ணை எடுக்காமலே கையை நீட்டி ஒன்றை எடுத்தார். பிளந்த கட்லெட். கடித்தார். மென்றார்.

"உப்புக் காணாது" என்றார் தலைவர், இன்னொன்றுக்குக் கை நீட்டி.